ஆறு ஊசி மிச்சம்

என் அத்தான் அன்புராசாவின் மேல் போட்ட புதுக் குற்றப்பத்திரத்தை அவருக்கு வாசித்துக் காட்டியவன் நான்தான். பொலிஸ் நிலையத்துக் கதிரையில் இருந்தபடி ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "உது என்ன, றோய்?" என்று கேட்டார். மான்ஸ்லோட்டர் என்றேன். கொல்ல நினைக்காமலே ஒரு ஆளைக் கொன்றுவிடுவது என்று விளக்கமும் சொன்னேன். அவர், "சரியாத்தான் எழுதியிருக்கிறாங்கள்," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு மனுசனை வைத்துக்கொண்டு எப்படி வழக்காடுவது?

அன்புராசா என் அக்கா எமில்டாவின் கணவர். வயது அறுபத்திரண்டு. எண்பத்தெட்டில் ஊர்காவற்றுறையிலிருந்து இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து, வெலஸ்லி வீதி மாடிக்கட்டடம் ஒன்றில் ஏழு பேரோடு ஒரே அறையில் மூன்று வருடம் கிடந்தவர். அந்த ஏழு பேரில் ஒருவர் நீர்வேலிச் சண்முகலிங்கம். இரண்டு பேருக்கும் கால் ஒரே அளவு. பனிக்குப் போடுகிற சப்பாத்து ஒரு சோடிதான் இருந்ததால், பகல் வேலைக்குப் போனவர் வந்து கழற்றிக் கொடுத்த பிறகுதான் மற்றவர் மாலை வேலைக்கு இறங்குவார். அப்படித் தொடங்கிய சிநேகிதம்.

அத்தானுக்கு நகரத்தின் மேற்கே இருந்த ஒரு பன்றி ஆலையில் வேலை கிடைத்தது. சண்முகண்ணையையும் கூப்பிட்டார். சண்முகண்ணை ஆடு, கோழி, மீன் எல்லாவற்றையும் ஒரு கை பார்க்கிறவர்தான். ஆனால் பன்றி என்றால் மூக்கைப் பொத்துவார். "பட்டினி கிடந்தாலும் உந்த ஆலைக்கு வரமாட்டன்," என்று சொல்லிவிட்டு ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போனார். அன்றிலிருந்து அத்தானுக்கு அவர் வைத்த பெயர் 'பண்டி'. அத்தான் அவருக்கு வைத்த பெயர் 'ஐயர்'. கலியாணம் கட்டி, பிள்ளைகள் பிறந்து, பிள்ளைகள் அஜக்ஸுக்கு வீடு வாங்கிப் போன பிறகும் அந்தப் பெயர்கள் மாறவில்லை. டோர்செட் பார்க்கில் ஒரே கட்டடத்தில் அத்தான் ஐந்தாம் மாடி, சண்முகண்ணை ஒன்பதாம் மாடி. லிஃப்டுக்குள் இரண்டு கிழவர்கள் ஒருவரை ஒருவர் பண்டி என்றும் ஐயர் என்றும் கூப்பிடுவதைக் கேட்டுச் சின்னப்பிள்ளைகள் சிரிக்கும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். வாகனக் காப்புறுதிக் கம்பனி ஒன்றில், விபத்தில் கழுத்து நோகிறது என்று எழுதி அனுப்புகிறவர்களுக்கு உண்மையிலேயே கழுத்து நோகிறதா என்று பார்ப்பது என் வேலை. இருபத்தாறு வருடம் இதைச் செய்தவனுக்குப் புத்தி எப்படிப் போகும்? பக்கத்து வீட்டுக்காரர் என் வாசல் பனியையும் சேர்த்து வழித்துவிட்டால், நன்றி சொல்வதற்கு முன்பு ஏன் வழித்தார் என்றுதான் யோசிப்பேன்.

அத்தானுக்கு என் குணம் இல்லை. அவருக்கு இருந்தது கோபம். வந்த வேகத்தில் போய்விடும் கோபம். அக்காவுக்கு முன்னால் இரண்டு கோப்பையும் ஒரு ரிமோட்டும் உடைத்திருக்கிறார். ஆளில் கை வைத்தது கிடையாது. ஒக்டோபர் முதல் சனிக்கிழமை பின்னேரம் வரைக்கும் கிடையாது.

அன்று கட்டடத்தின் கீழ்த்தளத்து மண்டபத்தில் வழக்கம்போல முன்னூற்றுநாலு சீட்டு விளையாடினார்கள். அத்தான் ஒரு பக்கம், சண்முகண்ணை எதிர்ப்பக்கம். துரும்பு எது என்பது மறைவாக இருக்கும் நேரத்தில் சண்முகண்ணை இரண்டு தரம் காதைச் சொறிந்தார். தன் சோடிக்குச் சைகை காட்டுகிறார் என்று அத்தான் எழும்பினார். "கடிச்சது, சொறிஞ்சன்," என்றார் சண்முகண்ணை. "முப்பது வருசமா உனக்குத் துரும்பு பிடிக்கேக்கை மட்டும்தான் கடிக்குது," என்று அத்தான் அவருடைய நெஞ்சில் ஒரு தள்ளுத் தள்ளினார். ஒரேயொரு தள்ளு. பின்னால் கதிரை இருந்தது. கதிரையோடு சேர்ந்து விழுந்தவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது.

அம்புலன்ஸுக்குப் போன் அடித்தது அத்தான்தான். பொலிஸ் வந்து யார் தள்ளியது என்று கேட்டபோது கையை உயர்த்தியதும் அவர்தான். காயம் உண்டாக்கிய தாக்குதல் என்று எழுதி, இரண்டு நிபந்தனையோடு விட்டார்கள். அந்தக் கட்டடத்துக்குப் போகக்கூடாது. சண்முகலிங்கத்தோடு எந்தத் தொடர்பும் கூடாது. ஐந்தாம் மாடி வீட்டைப் பூட்டிவிட்டு அத்தானும் அக்காவும் மில்லிக்கனில் என் வீட்டு நிலவறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அவர் என் வீட்டுக்கு வந்த முதல் மூன்று வாரமும் எனக்கு அவர் மேல் ஒரு கண். குடிக்கப் போகிறாரோ என்பதுதான் என் பயம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்கு இரண்டு பேரையும் நான்தான் கொண்டுபோய் இறக்குவேன். மூன்றாவது ஞாயிறு பூசை முடிய ஏற்றப் போனால் அக்கா மட்டும் வாசலில் நிற்கிறா. பத்து நிமிடம் கழித்து அத்தான் பஸ் தரிப்புப் பக்கமிருந்து நடந்து வந்தார். "காத்துப் பிடிக்கப் போனனான்," என்றார். காருக்குள் அவருடைய மூச்சை மணந்து பார்த்தேன். சாராயம் மணக்கவில்லை. ஆனால் ஆள் சந்தோசமாக இருந்தார். அன்றைக்கு மத்தியானம் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். எங்கே போனார் என்று நான் திரும்பிக் கேட்கவில்லை. ஒரு நாள் பிடிபடுவார்தானே என்று விட்டுவிட்டேன்.

சண்முகண்ணைக்கு எலும்பில் ஆணி வைத்து ஒரு கிழமையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அசையாமல் படுத்திருந்தால் காலில் இரத்தம் கட்டிபடும் என்று முப்பத்தைந்து நாளைக்குத் தினமும் வயிற்றில் போட ஊசி கொடுத்திருந்தார்கள். அவருடைய மனைவி குணவதி காலையில் போட்டுவிடுவாள். அதற்குள் கந்தசஷ்டி வந்தது. இருபத்தேழு வருடம் தவறாமல் பிடித்த விரதத்தை இந்த முறை விடுங்கோ என்று குணவதி கெஞ்சியும் அவர் கேட்கவில்லை. ஆறு நாளும் பகலில் தண்ணீர், மாலையில் ஒரு குவளை பாலும் பழமும். ஆறாம் நாள், சூரன்போர் அன்று காலை, கைப்பிடி வண்டியைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனவர் மூச்சு எடுக்க முடியாமல் சரிந்தார். காலில் கட்டிய இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை சொன்னது.

செய்தி வந்தபோது அத்தான் என் வீட்டுப் பின்வளவில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். இலைக்குள்ளேயே குந்தி அழுதார். மரண வீட்டுக்கு அவர் போக முடியாது. நானும் அக்காவும் போனோம். குணவதி அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதாள். என்னைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பினாள். அதை நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

டிசம்பரில்தான் அந்தப் புதுக் குற்றம். இந்த முறை பிணைக்கு நான் கையெழுத்து வைத்தேன். நிரூபா என்ற இளம் வழக்கறிஞரைப் பிடித்தோம். இங்கேயே பிறந்த பிள்ளை. தமிழ் பாதி, இங்கிலீஷ் பாதி. மூளை முழுசு.

"அங்கிள், சட்டம் கேக்கிறது ஒரே கேள்வி," என்றாள். "இவர் தள்ளினது அவற்ற சாவுக்கு முக்கியமான ஒரு காரணமா? தள்ளினபடியா எலும்பு முறிஞ்சது. முறிஞ்சபடியா படுக்கை. படுக்கையால இரத்தக்கட்டி. வேற காரணமும் இருக்கலாம். ஆனா இவர் தப்பேலாது."

"மூண்டு கிழமைக்குப் பிறகெல்லோ செத்தவர்?"

"மூண்டு மாசமெண்டாலும் ஒண்டுதான்."

"விரதம் பிடிச்சவர், பிள்ளை. ஊசியும் போடேல்லையாம்."

"அடிச்ச ஆள், அடி வாங்கின ஆளை அப்பிடியே ஏற்கோணும் அங்கிள். வருத்தக்கார உடம்பெண்டால் அந்த உடம்போட. விரதம் பிடிக்கிறவரெண்டால் அந்த விரதத்தோட. நீ ஏன் ஊசி போடேல்லை எண்டு செத்த ஆளைப் பாத்துக் கேக்க எங்களுக்கு ரைட் இல்லை."

அப்படியென்றால் வழியே இல்லையா என்று கேட்டேன். அவள் பேனையை உருட்டினாள். இடையில் வேறு யாராவது புகுந்திருந்தால், தெரிந்துகொண்டே மருந்தைக் கொடுக்காமல் விட்டிருந்தால், கதை வேறு என்று வாதாடிப் பார்க்கலாம். வாய்ப்புக் குறைவு என்றாள். பிறகு அரசதரப்பு அனுப்பிய கட்டிலிருந்து இரண்டு படங்களை எடுத்து மேசையில் வைத்தாள். சண்முகண்ணை செத்த அன்று அவருடைய அறையில் பொலிஸ் எடுத்த படங்கள்.

ஒன்று ஊசிப்பெட்டி. நாள் கணக்குப்படி இருக்கவேண்டியதைவிட ஆறு ஊசி மிச்சம். மற்றது கிழமை நாட்கள் எழுதிய குளிசைப்பெட்டி. பிரஷர் குளிசை, கொலஸ்ட்ரோல் குளிசை எல்லாம் அன்று காலை வரைக்கும் காலி.

என் தொழில் புத்தி துள்ளி எழும்பியது. விரதத்துக்காக மருந்தை விட்டவரென்றால் எல்லாவற்றையும் விட்டிருக்கவேண்டும். குளிசை விழுங்கியவர் ஊசியை மட்டும் ஏன் விடவேண்டும்? பொலிஸுக்கு, 'விரதம், ஊசி வேண்டாம் எண்டு அவர்தான் சொன்னவர்' என்று குணவதி சொல்லியிருந்தாள். அது பொய். குளிசை அவர் கையால் எடுத்தது. ஊசி அவள் கையால் போட்டது. கை எங்கே நின்றதோ அங்கேதான் குற்றம்.

"அன்ரியைக் கோர்ட்டில கடுமையாக் கேக்கவேண்டி வரும்," என்றாள் நிரூபா. "எனக்கு விருப்பமில்லை. ஆனா என்ர வேலை அது. நீங்கள் அவவோட கதைக்கப் போகாதேங்கோ."

குணவதியோடு கதைக்கப் போகவில்லை. மற்ற எல்லோரோடும் கதைத்தேன். மரக்கறிக் கடையில், தலைமயிர் வெட்டுகிற இடத்தில், பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில். நேராக எதையும் சொல்வதில்லை. "ஆறு ஊசி மிச்சமாம். ஏனெண்டு கேக்கிறன்," என்பேன். கேட்கிறவர்கள் மிச்சத்தைத் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள். இரண்டு கிழமையில் அது ஸ்காபரோ முழுக்கச் சுற்றி, குணவதி புருசனைப் பார்க்க அலுப்புப்பட்டு ஊசியை மறைத்து வைத்தாள் என்று என் காதுக்கே திரும்பி வந்தது. நான் மறுக்கவில்லை. அத்தானைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

வருசம் பிறந்த பிறகு அவள் கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டாளாம். தைப்பூசத்துக்குக்கூட வரவில்லை என்று யாரோ சொன்னார்கள். மனம் குறுகுறுக்கிறதாக்கும் என்று எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலை, நிரூபா சொன்னதைக் காற்றில் விட்டு ஒன்பதாம் மாடிக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்து வியக்கவில்லை. கதிரையைக் காட்டிவிட்டு, தேத்தண்ணி வைத்துக் கொண்டுவந்து எதிரே இருந்தாள்.

"கேக்கத்தானே வந்தனீங்கள். கேளுங்கோ அண்ணை."

"குளிசையெல்லாம் விழுங்கியிருக்கிறார். ஊசியை மட்டும் ஏன் விட்டவர்?"

"ஊசி பண்டியில செய்யிறதெண்டு அவருக்குத் தெரிஞ்சிட்டுது."

நான் சிரித்தேன். இருபத்தாறு வருடத்தில் கேட்ட பொய்களில் இது புதுசு. அவள் சிரிக்கவில்லை. ஊசிப்பெட்டிக்குள் வந்த துண்டுத்தாளை அலுமாரியிலிருந்து எடுத்து வந்து ஒரு வரியைக் காட்டினாள். பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது என்று அதில் அச்சடித்திருந்தது.

"உதை ஆர் வாசிக்கிறது?" என்றேன். "ஆர் அவருக்குச் சொன்னது? மருந்துக்கடைக்காரனோ? கோயில் ஆக்களோ?"

"பண்டிக் குடலைப் பற்றி இந்தக் கட்டடத்தில ஆருக்கு அண்ணை தெரியும்?"

தேத்தண்ணிக் கோப்பை கையில் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

விரதம் தொடங்குவதற்கு மூன்று நாள் முந்திய ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு அன்புராசா கதவைத் தட்டினாராம். பூசை நேரம். சண்டை பிடித்தவனோடு சமாதானம் ஆகாமல் நற்கருணை எடுக்க மனம் வரவில்லை, அதுதான் பஸ் எடுத்து வந்தேன் என்றாராம். சண்முகண்ணை முதலில் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு கிடந்தார். பிறகு அத்தான் கட்டிலின் கால்மாட்டில் இருந்து அழத் தொடங்கவும், "அழாதயடா பண்டி. நான் காது சொறிஞ்சது சைகைதான்," என்று ஒத்துக்கொண்டார். அதோடு இரண்டு பேருக்கும் சிரிப்பு.

"அப்பதான் அன்பண்ணை மேசையில கிடந்த ஊசிப்பெட்டியை எடுத்துப் பேரைப் பாத்தவர்," என்றாள் குணவதி. "தான் பதினொரு வருசம் குடல் பகுதியிலதான் வேலை செய்தவராம். குடலுக்குள்ள வழிச்சு எடுத்து, பீப்பா பீப்பாவா மருந்துக் கம்பனிக்கு அனுப்பினவையாம். 'டேய் ஐயர், முப்பது வருசமா மூக்கைப் பொத்தினாய், இப்ப நாளுக்கு ஒரு தரம் என்ர பண்டிதான் உன்ர வயித்துக்குள்ள போகுது' எண்டு பகிடி விட்டவர். இவரும் விழுந்து விழுந்து சிரிச்சவர். இடுப்பு நோகுது, சிரிக்கப் பண்ணாத எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். நானும் சிரிச்சனான்."

அடுத்த இரண்டு நாளும் ஊசி போட விட்டாராம். விரதம் தொடங்கிய புதன்கிழமை காலை, அவள் ஊசியோடு போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். ஆறு நாள்தானே, பாரணை முடிய ஏழாம் நாள் போடுவம் என்றார். அவள் மன்றாடினாள். மகளுக்குச் சொல்லப்போகிறேன் என்று வெருட்டினாள். அவர் அசையவில்லை.

"உதைப் பொலிஸிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"அன்பண்ணை இஞ்ச வந்தது தெரிஞ்சால் பிடிச்சு உள்ள போட்டிடுவாங்கள், வாய் திறக்காத எண்டு இவர் சத்தியம் வாங்கினவர். அவர் செத்தாப்போல சத்தியம் இல்லையெண்டு போகுமோ?" அவள் எழும்பித் துண்டுத்தாளை மடித்து உள்ளே வைத்தாள். "ஆக்கள் என்ன கதைக்கினம் எண்டு எனக்குத் தெரியும். ஒரு வசனம் சொன்னால் என்ர பேர் திரும்பி வந்திடும். அன்பண்ணை போயிடுவார். எமில்டாக்கா தனிச்சுப் போயிடுவா. நான் சொல்லேல்ல."

வீட்டுக்கு வந்ததும் நேரே நிலவறைக்கு இறங்கினேன். அத்தானும் அக்காவும் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். குணவதியைக் கண்டேன் என்றேன். அத்தானின் கையில் இருந்த துவாய் அப்படியே நின்றது.

"பகிடிக்குச் சொன்னனான், றோய்," என்றார். "கந்தசஷ்டி வருகுதெண்டு எனக்கு நினைவே இல்லை. பண்டி எண்டு அவன் திரும்பக் கூப்பிட்ட சந்தோசத்தில வாயில வந்தது. ஒவ்வொரு நாளும் அதை நினைக்கிறன். தள்ளினதைவிட அதைத்தான் நினைக்கிறன்."

நான் கோபப்படவேண்டிய நேரம். கோபம் வரவில்லை. வழக்கை எப்படிக் காப்பாற்றுவது என்றே இன்னும் புத்தி ஓடியது. "இது ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை அத்தான். குணவதி சொல்லமாட்டா. நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. கோர்ட்டில நிரூபா அவவைப் பிடிச்சு உலுப்பினால், ஊசி அவவின்ர கையில நிண்டது எண்டு..."

"குணவதியை என்னெண்டு கேக்கப் போறாள்?"

"மருந்தை ஏன் குடுக்கேல்லை எண்டு."

"அவள்தான் கொன்றவள் எண்டோ?"

ஊரிலும் அப்படிக் கதையிருக்கிறதோ என்று அத்தான் கேட்டார். அங்கை இங்கை சும்மா கதைக்கிறார்கள் என்றேன். அதுவரை துவாய் மடித்துக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தினா.

"சும்மா இல்லை. உவன்தான் கதைச்சுத் திரிஞ்சது. கோப்பி குடிக்கிற இடத்தில என்ர காதாலை கேட்டனான்."

அத்தான் என்னைப் பேசுவார் என்று நினைத்தேன். ஒரு கோப்பையாவது உடைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் துவாயை மடித்து அடுக்கின் மேல் வைத்தார்.

"நிரூபாவுக்குப் போன் அடி," என்றார். "நான் ஒப்புக்கொள்ளப் போறன்."

"அத்தான், வழக்கில இன்னும் சான்ஸ்..."

"அவளைச் சாட்சிப் பெட்டியில ஏத்தி அந்தக் கேள்வியைக் கேக்க விடமாட்டன். தள்ளினதுக்குச் சட்டத்தில தண்டனை இருக்கு. சொன்னதுக்கு இல்லை. இருக்கிறதையாவது வாங்கிறன்."

நிரூபாவிடம் எல்லாவற்றையும் அவரே சொன்னார். அவள் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். நீங்கள் எனக்குச் சொன்னது என்னோடு இருக்கும் என்றாள். இந்தப் பகிடி கோர்ட்டுக்குப் போனாலும் உங்களைக் காப்பாற்றாது, இன்னும் கிட்டத்தான் இழுக்கும் என்றும் சொன்னாள். ஒப்புக்கொண்டால் சாட்சிகளைக் கூப்பிடத் தேவையில்லைத்தானே என்று அத்தான் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

மே மாதம் டவுன்டவுன் கோர்ட்டில் வழக்கு. குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்டபோது மொழிபெயர்ப்பாளர் முடிப்பதற்குள் அத்தான் குற்றவாளி என்றார். இறந்தவரின் மனைவி ஏதாவது எழுதித் தந்திருக்கிறாரா என்று நீதிபதி கேட்டார். குணவதி இரண்டு வரிதான் எழுதியிருந்தாள். அரசதரப்பு வழக்கறிஞர் அதை வாசித்தார். 'என் கணவர் இவருடன் கோபமாகப் போகவில்லை. எனக்கும் கோபம் இல்லை.' அது எப்படித் தெரியும் என்று அந்தச் சபையில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் குணவதிக்கும் அக்காவுக்கும் நிரூபாவுக்கும் தெரியும். கூண்டுக்குள் நின்றவர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார்.

இரண்டு வருடத்துக்கு ஒரு நாள் குறைவாகச் சிறை. அதோடு என் பிணைப் பொறுப்பும் முடிந்தது. விலங்கு போட வந்தபோது அத்தான் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அக்காவைப் பார்த்துக்கொள் என்று சொல்லுவார் என்று கிட்டப் போனேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு போகத் தன் மகள்மார் வந்திருக்கிறார்கள் என்றார். "குணவதி பஸ்ஸில வந்தவள். நீ கொண்டுபோய் வீட்டில விடு. வாசல் வரைக்கும் போய் விடு," என்றார்.

குணவதி மறுக்கவில்லை. முன் இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். டி.வி.பி. நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்தோம். ஏதாவது கதைக்கவேண்டுமே என்று காலநிலையைப் பற்றிக் கதைத்தேன். அவள் ஓம் ஓம் என்றாள். நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் ஏறியதும், றோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அண்ணை, நான்தான் ஊசியை ஒளிச்சு வைச்சு மனுசனைக் கொன்றனான் எண்டு முதல்ல சொன்னது ஆர்?"

என் வாயில் ஒரு டசின் பெயர் வந்தது. மரக்கறிக் கடைக்காரர், தலைமயிர் வெட்டுகிறவர், பெயர் தெரியாத யாரோ. எதைச் சொன்னாலும் அவளால் பிடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். என் தொழிலே அதுதானே.

"நான்தான்," என்றேன்.

"தெரியும்," என்றாள். "நீங்கள் தேத்தண்ணி குடிக்க வந்த நாளிலையும் தெரியும். நீங்களாச் சொல்லுவீங்களோ எண்டு பாத்தனான்."

நான் மன்னிப்புக் கேட்டேன். நிசமாகவே கேட்டேன். றோட்டுக் கலங்கித் தெரிந்தது. கெனடி வீதிக்கு இறங்கிய உடனே அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"உதில பஸ் தரிப்பில நிப்பாட்டுங்கோ. மிச்சத்தை நான் நடக்கிறன்."

வாசல் வரைக்கும் விடச்சொல்லி அத்தான் சொன்னவர் என்றேன். அவள் கதவுப்பிடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் நிப்பாட்டினேன்.